ஜோடி அட்டை ஆட்டத்தில் குழந்தை உண்மையில் எதைக் கற்கிறது?

நீங்கள் கேட்டதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். மகனுக்கு நான்கு வயது. ஞாபகசக்தி வளரும் என்று பெட்டியில் போட்டிருந்ததால் 48 அட்டைகள் உள்ள மெமரி கேம் ஒன்றை, அதாவது கவிழ்த்து வைத்த அட்டைகளை இரண்டிரண்டாகத் திருப்பி ஒரே படமுள்ள ஜோடியைக் கண்டுபிடிக்கும் ஆட்டத்தை, வாங்கினீர்கள். அவன் கண்டபடி திருப்புகிறான், தோற்றால் அழுகிறான், கொஞ்ச நேரத்தில் எழுந்து ஓடிவிடுகிறான். இதில் நிஜமாகவே பலன் உண்டா, எப்படி விளையாட வைப்பது, இதற்குப் பதில் போனில் ஒரு ஆப் போதாதா என்பவை உங்கள் கேள்விகள். பாலர் பள்ளி ஆசிரியைகளுக்குப் பயிற்சி கொடுப்பதில் பல வருடம் இருந்தவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

முதலில் பெட்டி மேல் இருக்கும் வாக்குறுதி. ஞாபகசக்தி என்று ஒற்றையாக ஒன்று இருக்கிறது, விளையாட விளையாட அது கூடிக்கொண்டே போகும் என்பது விற்கிறவர்கள் போடும் கணக்கு. 2013-ல் மோனிகா மெல்பி-லெர்வாக், சார்ல்ஸ் ஹியூம் என்ற இரு ஆய்வாளர்கள் நினைவுப் பயிற்சி பற்றிய பல ஆய்வுகளைத் தொகுத்து அலசினார்கள். பயிற்சி எடுத்தவர்கள் பயிற்சி எடுத்த அதே மாதிரியான வேலைகளில் கொஞ்ச காலம் தேறினார்கள். வாசிப்பிலோ கணக்கிலோ அந்தப் பலன் தெரியவில்லை. மூளைப் பயிற்சி ஆட்டங்களை விற்ற லூமோசிட்டி நிறுவனம், பள்ளியிலும் வேலையிலும் சிறப்பாகச் செய்யலாம் என்று போதிய ஆதாரமில்லாமல் விளம்பரம் செய்ததாக அமெரிக்க அரசின் வணிக ஆணையம் குற்றம் சாட்டியது. 2016-ல் 20 லட்சம் டாலர் கட்டித்தான் நிறுவனம் அந்த விவகாரத்தை முடித்துக்கொண்டது.

அப்படியானால் பெட்டியைப் பரணில் போட்டுவிடலாமா? வேண்டாம். ராபர்ட் சீக்லர், கீதா ரமணி என்ற இரு ஆய்வாளர்கள் 2008-ல் வெளியிட்ட ஆய்வு ஒன்றை எங்கள் பயிற்சிகளில் தவறாமல் சொல்வேன். வருமானம் குறைந்த வீடுகளிலிருந்து வந்த சிறு குழந்தைகளை இரண்டு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு 1 முதல் 10 வரை எண்கள் வரிசையாக எழுதிய கட்டப் பலகையைக் கொடுத்தார்கள். அடுத்த பிரிவுக்கும் அதே பலகைதான், ஆனால் எண்களுக்குப் பதில் நிறங்கள். இரண்டு வாரத்துக்குள் நான்கு தடவை, தடவைக்குப் பதினைந்து நிமிடம் போல விளையாடினார்கள். எண் பலகையில் ஆடியவர்களுக்கு எண்களைப் பற்றிய அறிவு தெளிவாகக் கூடியிருந்தது, நிறப் பலகையில் ஆடியவர்களுக்குக் கூடவில்லை. இரண்டு பிரிவும் ஆடியது ஒரே ஆட்டம், பலகையில் இருந்ததுதான் வேறு.

ஜோடி அட்டைக்கும் இதே கதைதான். அட்டையில் என்ன இருக்கிறதோ அதையும், அதைப் பற்றி நீங்கள் என்ன பேசுகிறீர்களோ அதையும் குழந்தை எடுத்துக்கொள்ளும். உங்கள் பெட்டியில் பனிக்கரடியும் ஸ்ட்ராபெரியும் பனிச்சறுக்கு வண்டியும் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். யாரும் எதுவும் பேசாமல் ஆடினால் அவனுக்குக் கிடைப்பது அந்தப் பத்து நிமிடப் பொழுதுபோக்கு மட்டும்தான். தப்பில்லை, ஆனால் அதற்குமேல் எதிர்பார்க்காதீர்கள்.

அவன் ஏன் கண்டபடி திருப்புகிறான் என்பதற்குச் சின்ன கணக்கு ஒன்று போதும். 48 அட்டையில் ஒன்றைத் திருப்பியபின், குருட்டாம்போக்கில் அடுத்ததைத் திருப்பினால் அது ஜோடியாக அமைய 47-ல் ஒரு வாய்ப்பு. 12 அட்டை என்றால் 11-ல் ஒன்று. 6 அட்டை என்றால் 5-ல் ஒன்று. பெரியவர்களாலேயே ஒரே நேரத்தில் மனசில் பிடித்து வைக்க முடிவது ஏறக்குறைய நான்கு விஷயங்கள்தான் என்று நெல்சன் கோவன் என்ற உளவியலாளர் 2001-ல் வாதிட்டார், அது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. நான்கு வயதுக் குழந்தைக்கு அதைவிடக் குறைவு. 48 அட்டையைப் பரப்பி வைத்தால் நினைவு வைத்து எடுக்க அவனுக்கு வழியே இல்லை, சூதாட மட்டும்தான் வழி. அதைத்தான் அவன் செய்துகொண்டிருக்கிறான்.

நான்கு ஜோடியோடு தொடங்குங்கள். அதுவும் திணறினால் மூன்று. சுலபமாக முடிக்க ஆரம்பித்தால் ஒரு ஜோடி மட்டும் கூட்டுங்கள். அடுக்கும் முறையும் முக்கியம், பெரும்பாலும் வீடுகளில் இதில்தான் கோட்டை விடுகிறார்கள். அட்டைகளை நேர் வரிசையாக வைக்க வேண்டும், திருப்பிய அட்டையைத் திரும்ப அதே இடத்தில் வைக்க வேண்டும். ஜோடி கிடைத்து இரண்டை எடுத்துவிட்டால் அந்த இடம் காலியாகவே இருக்கட்டும், மற்றதை நகர்த்தி நெருக்காதீர்கள். குழந்தை படத்தை மட்டும் நினைவில் வைப்பதில்லை, “மூலையில் இருந்தது”, “ஓட்டைக்குப் பக்கத்தில் இருந்தது” என்று இடத்தோடு சேர்த்து வைக்கிறது. நகர்த்தினால் அதெல்லாம் அழிந்துபோகும்.

இன்னொன்று. யானை எங்கே என்று அவனுக்குத் தெரியும் என்றால் உடனே அந்த யானையைத்தான் முதலில் திருப்புவான். பிறகு இரண்டாவது அட்டைக்குக் குருட்டாம்போக்கு. தெரியாததை முதலில் திருப்பி, அது யானையாக வந்தால் தெரிந்த யானைக்குப் போவதுதான் புத்திசாலித்தனம். ஆனால் தெரிந்ததைத் தொடாமல் கையைக் கட்டி வைப்பது இந்த வயதில் பெரிய வேலை. இதைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்காதீர்கள். உங்கள் முறை வரும்போது நீங்கள் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஆடுங்கள்: “யானை ஒண்ணு இங்க இருக்கு, எனக்குத் தெரியும். முதல்ல தெரியாதது ஒண்ணு திருப்பிப் பார்க்கிறேன்.” ஒருநாள் அவனே அப்படிச் செய்வான். அவனுடைய முறையில் ஒரே ஒரு விதி போதும்: திருப்புவதற்கு முன் என்ன வரும் என்று சொல்ல வேண்டும். “சொல்லிட்டுத் திருப்புடா கண்ணா.” இந்த ஒரு விதியால் சூதாட்டம் யோசிக்கிற ஆட்டமாக மாறும். நினைவில் இருந்து ஒன்றை முயன்று வெளியே எடுக்கும்போதுதான் அது உறைக்கிறது என்பது நினைவைப் பற்றிய ஆராய்ச்சிகளில் உறுதியாக நிற்கிற முடிவுகளில் ஒன்று.

“எங்க வீட்டு வாண்டு என்னையே ஜெயிச்சுடுது” என்று சொல்லாத பெற்றோர் குறைவு. பெரும்பாலும் அப்பாவின் கண் போனில் இருக்கும், அம்மாவின் காது குக்கர் விசிலில் இருக்கும். குழந்தை முழு மனசோடு ஆடுகிறது, வித்தியாசம் அவ்வளவுதான். சந்தோஷப்படுங்கள், ஆனால் அதை வைத்து அபார ஞாபகசக்தி என்று முடிவு கட்ட வேண்டாம்.

இந்த ஆட்டம் இன்று நாம் பார்க்கும் வடிவில் பரவியதற்கு ஜெர்மனியின் ராவன்ஸ்பர்கர் நிறுவனம் 1959-ல் வெளியிட்ட அட்டைப்பெட்டி ஒரு பெரிய காரணம். ஆனால் ஜோடி தேடும் ஆட்டம் அதைவிட எவ்வளவோ பழையது. ஜப்பானில் சிப்பிகளை வைத்து ஒன்று ஆடினார்கள். ஒரு சிப்பியின் இரண்டு ஓடுகளும் தமக்குள் மட்டுமே கச்சிதமாகப் பொருந்தும், வேறு சிப்பியின் ஓட்டோடு பொருந்தாது. அந்த இரண்டு ஓட்டின் உட்பக்கமும் ஒரே மாதிரி படம் வரைந்து, 360 சிப்பிகள் கொண்ட தொகுப்பாகப் பிரபுக்கள் வீட்டுக் கல்யாணச் சீரில் வைத்தார்கள். நமக்கு 360 வேண்டாம்.

அட்டைக்கு முந்தைய கட்டத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உங்கள் வீட்டில் சின்னவள் ஒருத்தி இரண்டு வயதில் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். படம் என்பது ஒரு பொருளுக்குப் பதிலாக நிற்கிறது என்பதே பிள்ளைகளுக்குப் பிறவியில் தெரிந்த விஷயம் இல்லை. ஜூடி டிலோச் என்ற உளவியலாளர் 1987-ல் ஒரு சோதனையை வெளியிட்டார். ஓர் அறையின் சின்ன மாதிரியைச் செய்து, அதில் ஒரு குட்டிப் பொம்மையைக் குழந்தையின் கண்முன்னே ஒளித்தார். பெரிய அறையில் அதே இடத்தில் பெரிய பொம்மை இருக்கிறது, போய் எடு என்றார். மூன்று வயதுப் பிள்ளைகள் நேரே போய் எடுத்தார்கள். இரண்டரை வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் திணறினார்கள். குட்டிப் பொம்மை எங்கே ஒளிந்திருக்கிறது என்பது அவர்களுக்கு நன்றாகவே நினைவிருந்தது. அந்தச் சின்ன அறை இந்தப் பெரிய அறையைக் குறிக்கிறது என்பதுதான் பிடிபடவில்லை.

அதனால் மூன்று வயது வரை அட்டையைவிட நிஜப் பொருள் நல்லது. டப்பாவுக்கு மூடி தேடுவது, துவைத்த துணியில் சாக்ஸ் ஜோடி சேர்ப்பது, வாசலில் கிடக்கும் செருப்புகளை ஜோடியாக அடுக்குவது எல்லாம் இதற்குப் போதும். டம்ளர் ஆட்டத்தைவிட உயர்ந்தது ஒன்று இருந்தால் சொல்லுங்கள்: மூன்று டம்ளரைக் கவிழ்த்து ஒன்றின் அடியில் பிஸ்கட்டை வைத்து, பத்து எண்ணிவிட்டு எது என்று கேட்பது. அட்டையே வேண்டுமென்றால் எல்லாவற்றையும் முகம் தெரிய வைத்து, ஒன்றைப் போல இன்னொன்றை எடுக்கச் சொல்லுங்கள். கவிழ்த்து வைப்பதெல்லாம் பிறகு.

இத்தாலியக் கல்வியாளர் மரியா மாண்டிசோரி 1907-ல் ரோமில் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். 1939-ல் அடையாறு பிரம்மஞான சபைக்கு வந்தவர், போர் மூண்டதால் 1946 வரை இந்தியாவிலேயே தங்க நேர்ந்தது. கொடைக்கானலிலும் கொஞ்ச காலம் இருந்தார். நம்மூரில் மாண்டிசோரி பள்ளிகளுக்கு இவ்வளவு வேர் பிடித்ததற்கு அந்த ஆண்டுகள் ஒரு காரணம். அவருடைய முறையில் ஜோடி சேர்க்கும் பொருள்கள் நிறைய உண்டு: நிறப் பலகைகள், ஆட்டிப் பார்த்து ஒரே ஒலியுள்ளதைக் கண்டுபிடிக்கும் டப்பாக்கள், தொட்டே கண்டுபிடிக்கும் துணித் துண்டுகள். எனக்கு மிகவும் பிடித்தது தூர ஆட்டம். ஜோடியின் ஒரு பாதியை ஹாலில் பரப்பி, மறு பாதியை அடுத்த அறையில் பரப்பி வைப்பார்கள். குழந்தை இங்கே ஒன்றைப் பார்த்துவிட்டு, அதை மனசில் ஏந்திக்கொண்டு அந்த அறைக்கு நடந்து போய் அதன் ஜோடியை எடுத்து வரவேண்டும். உட்கார முடியாமல் எழுந்து ஓடுகிற உங்கள் மகனுக்கு நான் முதலில் சொல்லக்கூடிய ஆட்டம் இதுதான். ஓட்டமும் ஆயிற்று. வழியில் பூனையைப் பார்த்து மறந்துபோனால் திரும்ப வந்து பார்த்துவிட்டுப் போகலாம், அதற்கு அபராதம் இல்லை.

ஒலி டப்பாவுக்கு மாண்டிசோரி கடைக்குப் போக வேண்டாம். காலித் தீப்பெட்டிகளில் இரண்டிரண்டாக அரிசி, துவரம்பருப்பு, மணல், புளியங்கொட்டை போட்டு ஒட்டிவிட்டால் முடிந்தது. மஞ்சப்பைக்குள் ஸ்பூன், சாவி, சீப்பு, பென்சில் போட்டு, வெளியே அதே மாதிரி இன்னொரு செட் வைத்து, பார்க்காமல் தொட்டு எடுக்கச் சொல்லுங்கள். புளியங்கொட்டை, மணி, பட்டன் எல்லாம் தொண்டையில் சிக்கும் சாமான்கள். மூன்று வயதுக்குக் கீழே ஒரு பிள்ளை வீட்டில் இருந்தால் இவற்றைத் திறந்து வைக்காதீர்கள், பக்கத்திலேயே உட்காருங்கள்.

இனி என் விருப்பமான பகுதி, தமிழ் எழுத்துகள். அட்டைக்குக் கடை வேண்டாம். கல்யாணப் பத்திரிகை மிச்சம் எல்லா வீட்டிலும் ஒரு கட்டு இருக்கும், தடித்த அட்டை, வெளிச்சத்தில் மறுபக்கம் தெரியாது. ஒரே கல்யாணத்துப் பத்திரிகைகளை மட்டும் வெட்டுங்கள், அப்போதுதான் எல்லா அட்டைக்கும் முதுகு ஒன்றாக இருக்கும். இல்லையென்றால் பிள்ளையார் படம் போட்ட அட்டைக்குள் ‘ப’ இருக்கிறது என்று இரண்டாவது ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிடுவான்.

பலரும் அ-வுக்கு அ, ஆ-வுக்கு ஆ என்று ஜோடி போடுகிறார்கள். ஓர் எழுத்துக்கூடத் தெரியாத பிள்ளையும் இந்த ஆட்டத்தில் ஜெயிக்கும், ஏனென்றால் அதற்கு அ என்பது ஒரு படம், அவ்வளவுதான். உருவத்தை உற்றுப் பார்க்க இது உதவும், எழுத்தின் ஒலி இதில் வராது. திருப்பும்போதெல்லாம் ஒலியைச் சொல்லவேண்டும் என்று விதி வைத்தால்தான் வரும். அதைவிட நல்லது எழுத்துக்குப் படம். ‘ப’ ஒரு அட்டை, பல் ஒரு அட்டை.

படம் தேர்வதில் கவனம் வேண்டும். ப-வுக்கு பல், பசு, படி சரி. பஸ் சரியில்லை, எழுதும்போது ப-தான், ஆனால் காதில் விழும் ஒலி வேறு. த-வுக்கு தட்டு, தலை நல்லது. தோசையை நாம் எந்த ஒலியில் தொடங்கிச் சொல்கிறோம் என்று ஒருமுறை சொல்லிப் பாருங்கள், விட்டுவிடுவீர்கள். தமிழில் சில எழுத்துகள் சொல்லின் முதலில் வராது, அவற்றுக்கு முதல் எழுத்துப் படம் தேடி மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ண்-க்குக் கண், ள்-க்குத் தேள், ன்-க்கு மீன், ங்-க்குச் சங்கு என்று கடைசியிலோ நடுவிலோ வருவதைப் போடுங்கள். ட, ர, ல மூன்றும் இலக்கணப்படி முதலில் வராதவைதான். ஆனால் டம்ளர், ரயில், லட்டு மூன்றையும் அறியாத தமிழ்க் குழந்தை இல்லை. லட்டுவைப் போடுங்கள், தொல்காப்பியர் மன்னிப்பார். ஃ-ஐ இப்போது தொடவே வேண்டாம். எஃகு என்று எழுதி ஒரு வாளைப் படம் போட்டு, வாள் என்று படிக்கிற பிள்ளையைத் திருத்திக்கொண்டிருப்பது வீண்வேலை.

எந்த எழுத்துகளை ஒன்றாக வைப்பது என்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. எழுதக் கற்பிக்கும்போது ட, ப, ம என்று கோடு ஒத்துப்போகும் எழுத்துகளைச் சேர்த்துச் சொல்லித்தருவது கைக்கு நல்லது. கவிழ்த்து ஆடும் ஆட்டத்துக்கு நேர்மாறாகச் செய்யுங்கள். முதலில் ட, க, அ, ழ என்று ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத உருவங்கள். நன்றாகப் பிடிபட்டபின் ப-வையும் ம-வையும், ல-வையும் வ-வையும், எ-வையும் ஏ-வையும் ஒரே ஆட்டத்தில் கொண்டுவாருங்கள். அப்போது குழப்பம் வரும், வரட்டும். ஏ-வின் கீழே இழுத்த சின்னக் கோட்டை அவனாகவே கண்டுபிடித்துக் கத்துவான்.

247 எழுத்தையும் இப்படி ஆடி முடிக்க வேண்டுமா என்று கேட்காதீர்கள். 12 உயிரும் 18 மெய்யும் பழகி, கால், கொம்பு, விசிறி எப்படிச் சேர்கின்றன என்று புரிந்துவிட்டால் 216 உயிர்மெய்யும் பெரும்பாலும் தானே வரும். அதற்குக் குறிலும் நெடிலும் காதில் பிரிய வேண்டும். இதற்குத்தான் ஜோடி அட்டை பிறந்ததோ என்று எனக்குத் தோன்றும், ஏனென்றால் தமிழில் இதற்கு எவ்வளவு ஜோடிகள் பாருங்கள்: கல்லும் காலும், பல்லும் பாலும், பனையும் பானையும், நகமும் நாகமும், தடியும் தாடியும், முடியும் மூடியும், சட்டையும் சாட்டையும், மலையும் மாலையும். எல்லாமே வரையக்கூடியவை. எழுத்தே வேண்டாம், படம் மட்டும் போதும். பனையைத் திருப்பினால் பானையைத் தேட வேண்டும், இரண்டையும் வாய்விட்டுச் சொன்னால்தான் ஜோடி அவனுக்கு. ஐந்து வயதுப் பிள்ளைகள் இதில் விழுந்து விழுந்து சிரிப்பார்கள், தடிக்குத் தாடி முளைத்தது என்று கதை கட்டுவார்கள். குடையும் கூடையும் கூட உண்டு, ஆனால் பல வீடுகளில் பேச்சில் அது ‘கொடை’ ஆகிவிடும், அதனால் அதைப் பின்னால் வைத்துக்கொள்ளலாம். பல்லு, பாலு என்று பேச்சு வழக்கில் சொன்னால் அப்படியே விடுங்கள். நீளம்தான் நமக்கு வேண்டியது.

புலி–புளி, வால்–வாள், பல்லி–பள்ளி, மலை–மழை எல்லாம் ஆறு வயதுக்கு மேல். மழையை ‘மளை’ என்று சொல்கிற வீட்டில் வளரும் பிள்ளை அதையேதான் சொல்லும், அது காதில் விழுந்ததைச் சரியாகத்தான் சொல்கிறது. இந்த ஆட்டத்தைத் திருத்தும் மேடையாக்காமல், நீங்கள் தெளிவாகச் சொல்லிக் காட்டிவிட்டு நகருங்கள்.

ஒரே படம் இரண்டு என்ற கட்டத்தைத் தாண்டியதும் உறவு ஜோடிகளுக்குப் போகலாம். பசுவுக்குக் கன்று, ஆட்டுக்குக் குட்டி, கோழிக்குக் குஞ்சு, அணிலுக்குப் பிள்ளை. தொல்காப்பியத்தின் மரபியல் இளமைப் பெயர்களாக ஒன்பதைச் சொல்கிறது. அவற்றில் கன்று, குட்டி, பிள்ளை மூன்றும் இன்றும் புழக்கத்தில் இருப்பதால், அட்டைக்குச் சரக்குப் பஞ்சமே இல்லை. குருவி–கூடு, பாம்பு–புற்று, எலி–வளை, சிலந்தி–வலை என்று இருப்பிடம். தென்னைக்கு ஓலை, வாழைக்கு இலை, கரும்புக்குத் தோகை. பள்ளியில் மரபுச்சொற்கள் என்று மனப்பாடம் செய்யச் சொல்லி மாணவர்களை வாட்டுகிற அதே பட்டியல்தான் இது. இந்தக் கட்டத்தில் “ஏன் இது ரெண்டும் ஜோடி?” என்று கேட்டுப் பாருங்கள். ஒரு சிறுமி எலியையும் சிலந்தி வலையையும் எடுத்துவிட்டு, “எலியையும் வலை போட்டுத்தான பிடிப்பாங்க” என்றாள். அந்த ஜோடியை அவளுக்கே கொடுத்தோம். காரணம் சொன்னால் ஜோடி உண்டு என்பது என் கட்சி. சில ஆசிரியைகளுக்கு இது பிடிக்காது.

எண்களுக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ‘3’ என்ற இலக்கத்துக்கு மூன்று புள்ளி, ஐந்துக்கு விரித்த கை. ஐந்துக்குள்ளேயே ரொம்ப நாள் இருங்கள். மூன்று புள்ளியை எப்போதும் ஒரே மாதிரி அடுக்காமல் ஓர் அட்டையில் வரிசையாகவும் இன்னொன்றில் சிதறியும் போடுங்கள், இல்லையென்றால் அவன் எண்ணுவதை விட்டு உருவத்தை நினைவில் வைத்துக்கொள்வான். சொட்டாங்கல், பல்லாங்குழி தெரிந்த பாட்டி வீட்டில் இருந்தால் இந்த அட்டையே வேண்டாம்.

தோற்றால் அழுவது. நான்கு வயதில் தோல்வியைத் தாங்குவது ஜோடி தேடுவதைவிடக் கடினம், இரண்டையும் ஒரே நேரத்தில் அவன்மேல் ஏற்ற வேண்டாம். எதிரெதிராக ஆடாமல் ஒரு கட்சியாக ஆடுங்கள்: “நாம ரெண்டு பேரும் சேர்ந்து எத்தனை தடவை திருப்பி முடிக்கிறோம்னு பார்க்கலாமா?” அடுத்த நாள் அதைவிடக் குறைவாக முடித்தால் இருவருக்கும் வெற்றி. கரடிப் பொம்மையை எதிர்க்கட்சியாக உட்கார வைத்து, அதற்காக அவனையே திருப்பச் சொன்னாலும் நடக்கும், பொம்மைக்கு அழத் தெரியாது. வேண்டுமென்றே தோற்றுக் கொடுப்பதைப் பிள்ளைகள் சீக்கிரம் கண்டுபிடித்துவிடுவார்கள். அதற்குப் பதில் வெளிப்படையாகவே சலுகை கொடுங்கள், அவனுக்கு மூன்று அட்டை, உங்களுக்கு இரண்டு. அக்கா தம்பி ஆடும்போதும் இதேதான். ஆர்வம் வடியும் அறிகுறி தெரிந்ததும் நீங்களே நிறுத்துங்கள், அவன் எழுந்து ஓடும் வரை காத்திருக்காதீர்கள்.

ஆப் பற்றி. உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது, ஒரு வயதுக் குழந்தைக்கும் அதற்குக் கீழும் திரையில் உட்கார்ந்து பார்ப்பதே வேண்டாம், இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம், குறைந்தால் இன்னும் நல்லது. அந்த ஒரு மணி நேரத்துக்குள் ஒரு பத்து நிமிடம் ஆடினால் குடி முழுகிவிடாது. ஆனால் ஆப் அவனைக் காத்திருக்க வைப்பதில்லை, தப்பாகத் தொட்டாலும் ஒரு துள்ளல் சத்தம் போட்டு அடுத்ததற்குத் தள்ளுகிறது. என்ன வரும் என்று சொல்லிவிட்டுத் திருப்பு என்று அதற்குக் கேட்கத் தெரியாது. எலிக்கு ஏன் வலை என்றும் கேட்காது. ரயிலில் நீண்ட பயணம், பக்கத்து சீட்டில் தூங்குகிறவர்கள் இருக்கிறார்கள் என்றால் ஆப் கொடுங்கள். வீட்டில் அட்டை போதும்.

கடைசியாக ஒன்று, நீங்கள் கேட்கவில்லை என்றாலும் சொல்லிவிடுகிறேன். ஆட்டத்தில் தொடர்ந்து தப்பு செய்கிற குழந்தையை ஞாபகமில்லாதவன் என்று முத்திரை குத்துவதற்கு முன் கண்ணையும் காதையும் பாருங்கள். சிவப்பையும் பச்சையையும் மட்டும் திரும்பத் திரும்ப ஜோடி சேர்க்கிற பையனுக்கு நிறக்குருடு இருக்கலாம், இது பெண்களைவிட ஆண் பிள்ளைகளில் பல மடங்கு அதிகம். அப்படியானால் நிற அட்டையை விட்டு உருவ அட்டைக்கு மாறுங்கள். அட்டையை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்க்கிறான் என்றால் கண் டாக்டர். படத்தில் எல்லாம் சரியாகச் செய்துவிட்டு, தீப்பெட்டி ஒலியிலும் பனை–பானையிலும் மட்டும் மாதக்கணக்கில் தடுமாறினால் காது பரிசோதனை. அடிக்கடி சளி பிடிக்கிற பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் கோத்துக் கேட்கும் திறன் தற்காலிகமாகக் குறைவது உண்டு, பெற்றோருக்கு அது தெரியாமலே போய்விடும். குழந்தை மருத்துவரிடம் போகும்போது எந்த ஆட்டத்தில், எந்த ஜோடிகளில் தடுமாறுகிறான் என்று எழுதி எடுத்துக்கொண்டு போங்கள். “ஞாபகம் இல்லை” என்று பொதுவாகச் சொல்வதைவிட அது அவருக்குப் பயன்படும்.